துனிஸா, சூஸா? ஒரு நாள் கையில் இருந்தால் எந்த மியூசியம், எந்த மதீனா

துனிசியாவுக்குக் கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: தலைநகர் துனிஸில் பார்டோ அருங்காட்சியகத்தையும் பழைய நகரத்தையும் பார்த்தால் போதாதா, இன்னும் 140 கிலோமீட்டர் தெற்கே சூஸ் வரைக்கும் எதற்குப் போக வேண்டும்? கேள்வி நியாயம்தான். இரண்டு ஊரிலும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே சரக்கு. வண்ணக் கல்துண்டுகளால் படம் பதித்த ரோமானியர் காலத்து மொசைக் தரைகளை அடுக்கிய ஒரு மியூசியம், மதில் சூழ்ந்த ஒரு மதீனா (பழைய நகரம்), அதற்குள் ஒரு பெரிய பள்ளிவாசல், சுற்றிலும் கடைத்தெருக்கள். மதீனா இரண்டுமே யுனெஸ்கோ பட்டியலில் உண்டு. துனிஸ் 1979-இல், சூஸ் 1988-இல்.

என் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள்தான் என்றால் சூஸ். இரண்டு நாள் என்றால் துனிஸ். சூஸ் பெரியது, உயர்ந்தது என்பதல்ல காரணம். பொருளுக்குப் பொருள் எடைபோட்டால் துனிஸ் முன்னால் சூஸ் நிற்கவே முடியாது. ஆனால் மியூசியத்தையும் மதீனாவையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும்போது தராசு வேறு பக்கம் சாய்கிறது.

முதலில் பார்டோ. 1888-இல் திறந்தது, துனிசியாவை ஆண்ட 'பே' என்னும் ஆட்சியாளர்களின் அரண்மனைதான் கட்டடம். பொன்முலாம் பூசிய மரக்கூரை, பளிங்குத் தூண்கள், ஓடு பதித்த சுவர்கள். அந்தச் சுவரிலும் தரையிலும் ரோமானிய மொசைக்குகள். எதைப் பார்ப்பது, கூரையையா தரையையா என்று கழுத்து சுளுக்கிக்கொள்ளும். 2012-இல் புதுக் கட்டடம் சேர்த்து இடத்தை இன்னும் பெரிதாக்கினார்கள். 2015 மார்ச் 18 அன்று இங்கே நடந்த தாக்குதலில் 22 பேர் இறந்தார்கள். 2021 ஜூலையில், பக்கத்திலேயே இருக்கும் நாடாளுமன்றத்தை அதிபர் முடக்கியபோது மியூசியமும் மூடியது. மறுபடி திறந்தது 2023 செப்டம்பரில். பழைய வழிகாட்டி நூல்களை நம்பிப் போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பார்டோவில் தவறவிடக் கூடாதது எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். துக்கா என்ற பழைய ரோமானிய ஊரில் கிடைத்த, கிரேக்கக் கதை நாயகன் யுலிசிஸின் மொசைக் என்பார்கள் பலர்: பாய்மரத்தில் கட்டுண்டு நிற்கிறான், கூட வந்தவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பியிருக்கிறார்கள், பாடியே மாலுமிகளை மயக்கும் பறவைக்கால் பாடகிகள் பாறைமேல் நிற்கிறார்கள். நான் மஹ்தியா அறைகளைச் சொல்வேன். கி.மு. முதல் நூற்றாண்டில் மஹ்தியா ஊருக்கு அருகே கடலில் மூழ்கிய ஒரு சரக்குக் கப்பலை 1907-இல் கடற்பஞ்சு எடுக்க முங்கியவர்கள் கண்டுபிடித்தார்கள். கிரேக்கத்திலிருந்து ஏற்றிய வெண்கலச் சிலைகள், பளிங்குத் தூண்கள், பளிங்குச் சிற்பங்கள். சில பளிங்கு உடல்களைக் கடல்பிராணிகள் தின்று பொத்தலாக்கியிருக்கின்றன; மணலுக்குள் புதைந்திருந்த பாகம் மட்டும் வழவழவென்று அப்படியே தப்பித்திருக்கிறது. ஒரே உடம்பில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். மொசைக் பார்த்துப் பார்த்துக் கண் அலுத்த பிறகு இந்த அறைகள் பெரிய ஆறுதல்.

அலுப்பு என்றேன் இல்லையா, பார்டோவின் உண்மையான குறை அதுதான். அளவுக்கு மிஞ்சிய விருந்து. கார்த்தேஜ், துக்கா, சூஸ், உத்தினா என்று நாடு முழுக்கப் பெயர்த்து வந்த தரைகள் அறை அறையாக வருகின்றன. ஒரு மணி நேரத்தில் கடல் தெய்வம் நெப்டியூன் எது, மது தெய்வம் பாக்கஸ் எது என்பது குழம்பிவிடும். ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் மொசைக் இங்கேதான் இருக்கிறது. கவிஞர் நடுவில் உட்கார்ந்திருக்க, இரண்டு பக்கமும் கலைத் தேவதைகள், மடியில் விரித்த சுருளில் அவருடைய காவிய வரி. மொத்தம் சுமார் 1.2 மீட்டர் சதுரம்தான். பெரிய தரைகளுக்கு நடுவே அதைக் கவனிக்காமல் கடந்து போகிறவர்களைப் பார்க்கலாம். அது கிடைத்த ஊர் எது தெரியுமா? சூஸ். 1896-இல் அங்கே தோண்டி எடுத்துத் தலைநகருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இனி சூஸ். மியூசியம் மதீனாவின் தென்மேற்கு மூலையில், ஊரின் மிக உயரமான இடத்தில், கஸ்பா கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. மொசைக் எண்ணிக்கையில் நாட்டில் பார்டோவுக்கு அடுத்த இடம். அறைகள் மங்கலாக, குளுமையாக இருக்கும்; விளக்கு மொசைக் மேல் மட்டும் விழும். செதில் செதிலாகச் சுழலும் வட்டத்தின் நடுவே பாம்புக் கூந்தல் கொண்ட மெதூசாவின் தலை ஒன்று உண்டு, படம் எடுக்க எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள். நீங்கள் அதைத் தாண்டி மகேரியுஸ் மொசைக்கைத் தேடுங்கள்.

ஸ்மிராத் என்ற இடத்தில் 1966-இல் கிடைத்த மூன்றாம் நூற்றாண்டுத் தரை அது. அரங்கில் நான்கு வேட்டைக்காரர்கள் நான்கு சிறுத்தைகளைக் குத்திச் சாய்க்கிறார்கள். வேட்டைக்காரர்களுக்கு மட்டுமல்ல, சிறுத்தைகளுக்கும் பெயர் எழுதியிருக்கிறது: விக்டர், ரோமானுஸ் என்று. நடுவில் ஒரு பையன் தட்டு ஏந்தி நிற்கிறான். தட்டில் நான்கு பணமூட்டைகள். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு மூட்டையிலும் படுக்கவைத்த எட்டு மாதிரி ஒரு குறி தெரியும். ஆயிரம் என்பதற்கான ரோமானியக் குறி. பக்கத்தில் நீளமாக எழுத்து ஓடுகிறது. அதன் சாரம் இது: சிறுத்தைக்கு 500 தினாரியுஸ் கொடுங்கள் என்று அறிவிப்பாளன் கேட்கிறான், மகேரியுஸ் என்ற பணக்காரர் 1000 கொடுக்கிறார், கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறது, பணம் என்றால் இது, செல்வாக்கு என்றால் இது என்கிறது. அந்த ஒரு நாள் கைதட்டலை அவர் தரையில் பதிய வைத்துக்கொண்டார். நம் ஊர்க் கோயிலில் ட்யூப்லைட் வாங்கிக் கொடுத்து அதிலேயே பெயரையும் எழுதுகிற உபயதாரர் இவருக்குத் தம்பி முறை. பார்டோவில் நூறு தரை பார்த்தும் கிடைக்காத ஒன்றை இந்த ஒரு தரை கொடுத்தது: ஒரு மனிதனின் அற்பமும் பெருமையும் சேர்ந்தாற்போல.

மியூசியத்துக்கு மியூசியம், செல்வத்தில் பார்டோ. நின்று பார்ப்பதற்குச் சூஸ்.

மதீனா விஷயத்தில் இப்படி இழுபறியே கிடையாது, துனிஸ்தான். சுமார் 700 நினைவுச்சின்னங்கள் என்று யுனெஸ்கோ கணக்குச் சொல்லும் ஊர் அது. நடுவில் ஸைத்தூனா பள்ளிவாசல். அதன் தூண்களில் பல பாழடைந்த கார்த்தேஜ் நகரத்திலிருந்து வந்தவை. காலை மியூசியத்தில் பார்த்தது போன்ற பழைய கல்லை இங்கே மாலையில் ஒரு கூரை தாங்கும் வேலையில் பார்க்கலாம். தொழுகை மண்டபத்துக்குள் மற்ற மதத்தவர் போக முடியாது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசலைச் சுற்றி மதிப்புள்ள தொழில்கள், அப்புறம் மற்றவை: அத்தர்க்காரர்கள் பக்கத்தில், சாயம், தோல் மாதிரி நாற்றமும் சத்தமும் உள்ளவை தள்ளி. இன்று தங்கம் விற்கும் பெர்க்கா சூக் என்னும் கடைத்தெருவில் ஒரு காலத்தில் அடிமைகளை விற்றார்கள். 1846-இல் அஹ்மத் பே அடிமைமுறையை ஒழித்தார். சிவப்புக் கம்பளித் தொப்பி செய்யும் ஷெஷியா கடைகளுக்குக் கட்டாயம் போங்கள். 1609-க்குப் பிறகு ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் வளர்த்த தொழில். காய்ந்த முள்செடிக் காயால் தொப்பியைத் தேய்த்துத் தேய்த்து ரோமத்தை எழுப்புகிறார் கடைக்காரர். வாங்காவிட்டாலும் பார்க்க விடுவார்.

சூஸ் மதீனாவில் இப்படி ஆழம் கிடையாது. சுற்றுலாப் பயணிக்கென்று செய்த பீங்கானும் ஒட்டக பொம்மையும் அதிகம். ஆனால் அது ஒரு வடிவமாகக் கண்ணில் நிற்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு மதில் இன்னும் பெரும்பாலும் நிற்கிறது. கஸ்பாவிலிருந்து இறக்கமான சந்துகளில் நடந்தால் கீழே ரிபாத் கோட்டை. அதன் கோபுரக் கல்வெட்டு 821-ஆம் ஆண்டுக்குரியது. சுழல்படி ஏறினால் பெரிய பள்ளிவாசலின் முற்றம் காலடியில் விரியும். அந்தப் பள்ளிவாசலுக்கு உயரமான மினாரா இல்லை. ரிபாத் கோபுரம் பக்கத்திலேயே இருந்ததால் தேவைப்படவில்லை என்கிறார்கள். மதில் உடைந்து திறந்திருக்கும் தியாகிகள் சதுக்கம் இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சின் மிச்சம். மியூசியம், மதில், கோட்டை, பள்ளிவாசல், துறைமுகம் எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும்.

துனிஸில் அது நடக்காது. பார்டோ மதீனாவிலிருந்து நான்கு கிலோமீட்டர் மேற்கே. ஊர்க்காரர்கள் மெட்ரோ என்று சொல்லும் டிராமில் 4-ஆம் தடம் போகிறது. மஞ்சள் டாக்ஸியும் மீட்டர் போட்டு வரும். தூரம் பெரிதில்லை, சோர்வுதான் பெரிது. பார்டோவில் காலை முழுக்க நின்றுவிட்டு மதீனாவுக்கு வந்தால், எந்தச் சந்தும் ஒன்றுபோலவே தோன்றும்.

தொந்தரவு இரண்டு ஊரிலும் உண்டு, ரகம் வேறு. துனிஸில் "இன்றைக்கு மட்டும் பெர்பர் திருவிழா, மாடியிலிருந்து பாருங்கள்" என்று ஒருவர் கூட்டிப்போவார். மாடி உண்மை, வழியில் கம்பளக் கடையும் உண்மை, திருவிழாதான் இல்லை. சூஸில் "என்னைத் தெரியவில்லையா, உங்கள் ஹோட்டல் சமையல்காரன்" என்பார் இன்னொருவர். சிரித்துவிட்டு நடந்தால் போதும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு ஊரும் ஒரே சோதனை: சாலட் கேட்டாலும் மேலே சூரை மீன் வந்து உட்காரும். லப்லாபி நல்ல வழி. கொண்டைக்கடலை, பழைய ரொட்டித் துண்டு, சீரகம், ஹரிஸ்ஸா மிளகாய் விழுது. முட்டையும் மீனும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் நாக்குக்கு ஒட்டும் காரம்.

மூன்று நாள் கிடைத்து இரண்டு ஊரும் பார்ப்பதாக இருந்தால், சூஸை முதலில் வையுங்கள். ஒரு மொசைக்கை எப்படிப் பார்ப்பது, எழுத்து எங்கே, பெயர் எங்கே, கல்லின் அளவு எங்கே சிறிதாகிறது என்பதெல்லாம் அங்கே பழகிவிடும். பிறகு பார்டோ போனால் பத்துத் தரையை நன்றாகப் பார்த்துவிட்டு மிச்சத்தை மனசாட்சி உறுத்தாமல் விட்டுவிடலாம். துனிஸிலிருந்து சூஸுக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். லுவாஜ் என்னும் பகிர்வு வேன் ஆள் நிரம்பியதும் கிளம்பும். திங்கட்கிழமை பார்டோ விடுமுறை, ஞாயிறு துனிஸ் மதீனாவில் பாதிக் கடை அடைப்பு. அதனால் சனிக்கிழமை மதீனா, ஞாயிறு பார்டோ என்று வைத்து, சூஸை அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே முடித்துவிடுங்கள். ரம்ஜான் மாதத்தில் மட்டும் நேரங்கள் சுருங்கும், அப்போது மியூசியத்துக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது.