18,500 ரூபாவுக்கு எல்ஈடி பல்ப் எண்டு குப்பையைப் பூட்டி அனுப்பினாங்க – கார் உள்லைட் மாத்தப் போற ஆக்கள் கவனம்

மட்டக்களப்பு நகருக்குள்ள கார் அலங்காரச் சாமான் விக்கிற ஒரு கடை. என்ட கார்ல ரூம் லைட், முன்னால மெப் லைட் ரெண்டு, கிளவ் பொக்ஸ், டிக்கி எல்லாம் எல்ஈடிக்கு மாத்தி, கால் வைக்கிற இடத்துக்குப் புதுசா கலர் லைட்டும் பூட்ட, கூலியோட 18,500 ரூபா. கடைப் பேர் போடமாட்டன், முறைப்பாடு போகுது. ஆனா என்ன செஞ்சாங்க எண்டத எழுதாம விடேலாது.

நம்ப வச்ச விதத்தை முதல்ல சொல்லணும். கவுண்டர் மேல ஒரு பற்றரி, கிளிப் வயர் ரெண்டு. பல்பைப் பத்தவச்சு, "தொட்டுப் பாருங்க தம்பி, சூடு இருக்கா? டிரைவர் ஐசி வச்ச சாமான், கேன்பஸ். ஒரு வருஷம் வாரண்டி" எண்டு கையிலயே தந்தாரு. பெட்டியிலயும் அப்பிடித்தான் அச்சடிச்சிருக்கு. பில் கேட்டா, விசிட்டிங் கார்ட்டுக்குப் பின்னால "1 வருடம்" எண்டு பேனையால எழுதி ஒரு கையெழுத்து. என்ன சாமான், எத்தினை, எந்தத் திகதி, ஒண்டும் இல்ல.

அந்தக் கவுண்டர் டெஸ்ட் சும்மா கண்கட்டு. சும்மா நிக்கிற பற்றரி 12 வோல்ட் சொச்சம். வண்டி ஓடேக்க 14.4 வரைக்கும் ஏறும். டிரைவர் எண்டா கரண்டை ஒரேயளவா வச்சிருக்கிற பாகம். அது இல்லாத மலிவு பல்புல மூண்டு எல்ஈடி சிப் தொடரா நிண்டு 9.6 வோல்ட் அளவு எடுக்கும், மிச்சத்தை ஒரு ரெசிஸ்டர்தான் தாங்கும். 12 இல மிச்சம் 2.4, 14.4 இல மிச்சம் 4.8. அதாவது கரண்ட் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அரை நிமிஷம் தொட்டா சுடாது, பத்து நிமிஷம் எரிய விட்டாத்தான் குணம் தெரியும். இப்ப கச்சான் எண்ட சூட்டுக் காத்து அடிக்கிற காலம், வெயில்ல விட்ட காருக்குள்ள பிளாஸ்டிக் ஏற்கெனவே கொதிச்சுப்போய்த்தான் கிடக்கும்.

கவரைக் கழட்டிப் பார்த்தா மெப் லைட் கண்ணாடிக்கு உட்பக்கம் பல்ப் இருந்த இடத்தில தேத்தண்ணி நிறத்தில ஒரு வட்டம். "கேன்பஸ்" எண்டு சொன்னதெல்லாம் பல்புக்குக் குறுக்கால வச்ச ரெண்டு ரெசிஸ்டர். பல்ப் போயிட்டுது எண்டு டேஷ்போர்ட்டில எச்சரிக்கை காட்டுற ஐரோப்பிய வண்டிகளுக்குத்தான் அது தேவை. இந்த வண்டி உள்லைட்டுக்கு அது வெறும் சூடு.

ரூம் லைட் அதைவிட மோசம். ரெண்டு முனையிலயும் தகரத் தொப்பி வச்ச நீட்டுப் பல்ப் 31, 36, 41 மில்லிமீற்றர் எண்டு பல அளவில வரும். 31 வரவேண்டிய இடத்தில 36 ஐ வச்சு அமத்தி, பித்தளைக் கிளிப் ரெண்டையும் விரிச்சுப்போட்டாங்க. பள்ளத்தில விழுந்தா லைட் வெட்டுது. இனி சரியான அளவு போட்டாலும் அந்தக் கிளிப் இறுக்கிப் பிடிக்காது.

கதவு பூட்டின பிறகும் இரவில மங்கலா ஒரு வெளிச்சம் நிக்கும். அதுக்குக் கடைக்காரர் சொன்ன பதில்: "எல்ஈடி எண்டா அப்பிடித்தான்." உண்மை என்னெண்டா, லைட்டை மெல்ல மெல்ல அணைக்கிற கொன்ட்ரோல் யூனிட்டில இருந்து துளி கரண்ட் கசியும். இழை பல்புக்கு அது காணாது, எல்ஈடிக்குக் காணும். அதே லைனில ஒரு பழைய 5 வோட்ஸ் பல்பை விட்டிருந்தா வேலை முடிஞ்சுது. ஆனா பழைய பல்ப் ஒண்டையும் திருப்பித் தரல்ல!

உண்மையாவே கோபம் வந்தது பியூஸ் பொக்ஸைத் திறந்தாப் பிறகு. ரூம் லைட்டுக்கான 10 அம்பியர் இடத்தில சிவப்பு பியூஸ் இருக்கணும். இருந்தது மஞ்சள், 20 அம்பியர். நடந்தது விளங்குது. இந்த வண்டி ரூம் லைட்டில பல்புக்கு ஒரு பக்கம் எப்பவும் கரண்ட், கதவு சுவிட்ச் மற்றப் பக்கத்தைத்தான் வண்டி பொடியோட (இரும்பு உடம்போட) சேர்க்கும். இரும்பு ஸ்குரூ டிரைவரால பல்பைக் கிண்டேக்க அந்தக் கரண்ட் பக்கம் பொடியில முட்டி பியூஸ் போயிருக்கு. 10 கையில இல்லையெண்டு 20 ஐக் குத்தியிருக்காங்க. இனி எங்கயாவது சோர்ட் ஆனா பியூஸுக்கு முதல் அந்த மெல்லிய வயர் எரியலாம், அதுவும் கூரைத் துணிக்குள்ள.

கலர் லைட்டுக்கு வயரைக் கடிக்கிற பிளாஸ்டிக் கிளிப்பால அதே எப்பவும் கரண்ட் உள்ள லைனில தொட்டிருக்காங்க. ரிமோட் பெட்டி நாள் முழுக்க விழிச்சிருக்கும். கதவெல்லாம் பூட்டி, வண்டி ஓய்ஞ்ச பிறகு மீற்றர் வச்சா 0.18 அம்பியர். 0.05 க்குக் கீழ இருக்கணும். ஒரு கிழமை நிப்பாட்டினா 30 அம்பியர் மணி போகும், ஹைபிரிட் வண்டிக்குள்ள இருக்கிற சின்ன 12 வோல்ட் பற்றரிக்கு அது சாவு.

திரும்பப் போனா முதல்ல "முதலாளி கொழும்புக்குப் போயிட்டாரு." பிறகு "படம் எடுத்து வாட்ஸ்அப்பில போடுங்க." போட்டாச்சு, ரெண்டு நீலக் கோடும் விழுந்தது, பதில் இல்ல. அடுத்தது "பூட்டின பொடியன் இப்ப வேலையில இல்ல." கடைசியா "உங்கட பற்றரி பழசு தம்பி." 18,500 ரூபா எடுக்கேக்க பற்றரி பழசில்ல! இப்ப சொல்றாங்க, காசு தரேலாதாம், 2,000 ரூபாவுக்கு வேற சாமான் எடுக்கட்டாம். 18,500 எங்க, 2,000 எங்க?

மாத்திறதெண்டா அவசரத்துக்கு இவ்வளவும் பாருங்க. பழைய பல்பை அளந்து கொண்டுபோங்க. 12 வோல்ட்டில இருந்து 14.4 க்கு ஏத்தேக்க கரண்ட் கூடாம நிண்டாத்தான் டிரைவர் உள்ள சாமான். கழட்ட முதல் பியூஸைப் பிடுங்கச் சொல்லுங்க, பிளாஸ்டிக் நெம்பியால எடுக்கச் சொல்லுங்க. புது எல்ஈடி எரியாட்டி பிழையில்ல, முனையை மாத்தித் திருப்பிப் போட்டாச் சரி. வேலை முடிஞ்சதும் பியூஸ் நிறத்தைப் பாருங்க. வயர் வெட்டவோ கடிக்கவோ விடாதீங்க. பழைய பல்பைக் கையில வாங்காம வெளிக்கிடாதீங்க.

பில் கேட்டா கடை தரத்தான் வேணும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில இருக்கு. அந்த அதிகாரசபையின்ட தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில, வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள குடுத்திரணும்.