'ஃபோர்டு எஞ்சின்னா நீலம்தான்' என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

பழைய கார் எஞ்சினுக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுக்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

என்னுடையது 1965 மாடல் ஃபோர்டு மஸ்டாங், 289 கன அங்குல வி8 எஞ்சின். ரிங், பேரிங் மாற்ற எஞ்சினைப் பிரித்தபோது, அப்படியே பெயின்ட்டும் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். என்ன நிறம் என்று கேட்டேன். "ஃபோர்டு எஞ்சின்னா நீலம்தான் சார், கம்பெனி கலர்" என்றார் பட்டறைக்காரர். சொன்ன தோரணையில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சரி என்றுவிட்டேன்.

ஃபோர்டு தன் எஞ்சின்களுக்குப் பொதுவாக நீலம் அடிக்கத் தொடங்கியது 1966 மாடலில்தான். 1965 மஸ்டாங்கில் வந்த சாதாரண 289-க்கு, சிலிண்டர்கள் இருக்கும் அடி உடலான எஞ்சின் பிளாக் கறுப்பு நிறம். மேலே மூடியிருக்கும் வால்வ் கவரும் ஏர் கிளீனரும் தங்க நிறம். பிரிப்பதற்கு முன் நானே எடுத்த போட்டோவில், வால்வ் கவர் ஓரத்துப் பிசுக்குக்கு அடியில் அந்தத் தங்க நிறம் தெரிகிறது. பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

நிறம் தப்பானதைக்கூட மன்னித்திருப்பேன், நீலம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் பெயின்ட்டே வேறு. பில்லில் எழுதியிருந்தது சூடு தாங்கும் எஞ்சின் எனாமல். அடித்தது கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற சாதாரண எனாமல். மிச்சம் இருந்த டப்பாவைப் பிறகு அங்கேயே பார்த்தேன். எஞ்சின் எனாமல் சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். எஞ்சினிலிருந்து சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அதுவே போதாது, 650 டிகிரி வரை தாங்கும் தனிப் பெயின்ட் வேண்டும். இவர்கள் மேனிஃபோல்டையும் சேர்த்து ஒரே டப்பாவில் முடித்துவிட்டார்கள்.

முதல் நாள் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் புகை. "புதுப் பெயின்ட், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். நல்ல பெயின்ட்டும் முதல் சூட்டில் லேசாகப் புகையும் என்பதால் அதையும் நம்பினேன். ஒரு வாரத்தில் மேனிஃபோல்டு கருகி உதிர்ந்தது. அப்புறம் பிளாக்கிலும் நகத்தால் கீறினாலே அப்பளம் மாதிரிப் பெயர்ந்து வந்தது. டிகிரீசர் போட்டுக் கழுவாமல் பிசுக்கின் மேலேயே அடித்திருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் ஸ்டார்டர் திணற ஆரம்பித்தது. பேட்டரி போய்விட்டது என்றார்கள். புதிது வாங்கிப் போட்டேன், அப்போதும் அதே திணறல். கடைசியில் பார்த்தால் எஞ்சினிலிருந்து மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் ஸ்ட்ராப் உட்காரும் இடத்தில் டேப் ஒட்டாமல் பெயின்ட் அடித்து, அதன் மேலேயே போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள், பெயின்ட் மின்சாரத்தைத் தடுத்துவிட்டது. சுரண்டி எடுத்ததும் சரியாகிவிட்டது. பேட்டரிக் காசு போனது போனதுதான்.

கேட்கப் போனால், அதன் மேலேயே இன்னொரு கோட் இலவசமாக அடித்துத் தருவதாகப் பெருந்தன்மையாகச் சொன்னார். வேண்டாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேறொரு மெக்கானிக் முழுக்கச் சுரண்டினார். அப்போதுதான் பிளாக்கில் வார்த்திருந்த தேதிக் குறி வெளியே வந்தது: முதலில் 5, அது வருடம் (1965), அடுத்து மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள். பழைய காரில் எஞ்சினே மாறியிருக்கலாம் என்பதால் நிறம் முடிவு செய்யுமுன் அவர் பார்ப்பது இதைத்தானாம். டப்பாவை என் கண் முன்னால்தான் திறந்தார். இப்போது பிளாக் கறுப்பு, கவர் தங்கம். எஞ்சின் மவுன்ட்டுக்குப் பின்னால் கை எட்டாத ஓர் இடத்தில் மட்டும் இன்னும் நீலம் இருக்கிறது.