மாத்திரை நேரத்தை நினைவூட்டும் குறுஞ்செய்திச் சேவை: ஆறு மாத அனுபவம்

இதயக் குழாயைத் திறந்து வைத்திருக்கும் ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாய் பொருத்தப்பட்டு, சிங்கப்பூரின் ஈசூனிலுள்ள வீட்டுக்குத் திரும்பிய என் அப்பாவை, அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனை இச்சேவையில் பதிவு செய்தது. காலையில் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினுக்கும் குளோபிடோகிரெலுக்கும், இரவில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினுக்கும் தனித்தனியே செய்தி வருகிறது. மாத்திரை எடுத்துவிட்டால் 1 என்றும், தவறினால் 2 என்றும் பதில் அனுப்ப வேண்டும்.

அப்பா 2 என்று அனுப்பிய மறுநாளே தாதி ஒருவர் அழைத்து, வயிற்று எரிச்சலால்தான் அவர் ஆஸ்பிரினைத் தவிர்க்கிறார் என்பதைப் பொறுமையாகக் கேட்டறிந்து, மருத்துவரிடம் தெரிவித்தார். ஸ்டென்ட் பொருத்திய முதல் மாதங்களில் ஆஸ்பிரினையோ குளோபிடோகிரெலையோ தாமாக நிறுத்தினால் அதனுள் இரத்தம் உறையக்கூடும் என்பதால், இந்த ஓர் அழைப்புக்காகவே நான் சேவையை மதிக்கிறேன். லண்டனில் இரத்த அழுத்தத்துக்கோ கொழுப்புக்கோ மருந்து எடுத்த 303 பேரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வும் இதே முறையைத்தான் கையாண்டது: மருந்தைச் சரிவர எடுக்காதோர் செய்தி பெறாதவர்களில் 25 விழுக்காடாகவும், பெற்றவர்களில் 9 விழுக்காடாகவும் இருந்தனர்.

என் மனக்குறை மொழி பற்றியது. நான்கு அதிகாரத்துவ மொழிகள் கொண்ட நாட்டில் செய்திகள் ஆங்கிலத்தில் மட்டுமே வருகின்றன. தமிழ் மட்டுமே வாசிக்கும் அப்பாவுக்காக ஒவ்வொன்றின் பொருளையும் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். தமிழில் அனுப்பக் கோரி மருத்துவமனைக்கு எழுதியுள்ளேன். தனியாக வாழும் முதியோருக்கு அப்படி ஒட்டித்தர யாருமில்லை.