பிறவி விமானியா, பழகும் விமானியா?

ஐதராபாத் அருகே துண்டிகல் விமானப்படை அகாடமிக்கு வந்து சேரும் பயிற்சி விமானிகள் ஏற்கெனவே ஒரு வடிகட்டலைத் தாண்டியவர்கள். விமானித் திறன் தேர்வில் ஒருமுறை தவறினால் மறுபடி உட்கார முடியாது. தேறி வந்தவர்களிலும் சிலர் பாதியில் நின்றுபோகிறார்கள். கைத்திறன், உடல்நிலை எல்லாம் போக, 'நான் எப்படிப்பட்ட விமானி' என்று ஒருவர் தனக்குள் வைத்திருக்கும் பிம்பத்துக்கும் இதில் பங்கு உண்டு.

'நான் பறக்கப் பிறந்தவன்' என்பது முதல் வகை. லேசாக ஒதுக்கிவிட முடியாது. முதல் சோலோவில், அதாவது பயிற்றுநர் இல்லாமல் பிலாட்டஸ் பிசி-7 பயிற்சி விமானத்தைத் தனியாக மேலே கொண்டுபோக, இந்தத் துணிச்சல் நன்றாகவே உதவும். சிக்கல் தரையிறங்கிய பிறகு, நிறைகுறைகளை அலசும் டீபிரீஃபில் தொடங்குகிறது. "மூக்கைத் தூக்கியது தாமதம்" என்று பயிற்றுநர் சொன்னால், இவர் காதில் "நீ விமானியே இல்லை" என்று விழுகிறது. உடனே பக்கவாட்டுக் காற்றைக் காரணம் காட்டுவார். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளின் ஆபத்தான மனப்போக்குகள் என ஐந்தைப் பட்டியலிடுகிறது. 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்பதும் வீறாப்பும் அதில் இரண்டு.

'இது ஒரு தொழில், பழகிக்கொண்டிருக்கிறேன்' என்பது இரண்டாவது. இவர் அறையில் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, இடக்கையில் திராட்டிலும் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைப்பது) வலக்கையில் ஸ்டிக்கும் (விமானத்தைத் திருப்பும் பிடி) இருப்பதாக நினைத்துக்கொண்டு முழு சார்ட்டியையும், அதாவது ஒரு பறப்பு முழுவதையும், ஓட்டிப் பார்ப்பார். இறங்குவது சரிவராவிட்டால் மறுபடி மேலேற வேண்டும். பவரைக் கூட்டியதும் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரடரின் வலது மிதியை அழுத்திச் சமாளிக்க வேண்டும். இவருக்கு அது மனப்பாடமான ஒரு செய்முறை. முதல் வகையினருக்கோ மேலேறுவதே தோல்வியை ஒப்புக்கொள்வதுபோல. அந்தத் தயக்கத்தில் சில நொடிகள் போய்விடும்.

1977-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா சொன்னதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது: ஒரு வேலையைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கைக்கு வலுவான ஊற்று, அதைச் செய்து முடித்த அனுபவம்.

ஆனால் இரண்டாவது வகையிலும் ஓட்டை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பயிற்றுநரின் தலையசைப்பை எதிர்பார்க்கும் பழக்கம் வந்துவிடலாம். பாடத்திட்டம் யாருக்காகவும் காத்திருக்காது.

மூன்றாவதாக, 'போர் விமானி, இல்லையென்றால் ஒன்றுமில்லை' என்பவர்கள். (சினிமாவுக்கு இதில் பங்கில்லை என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன்.) அடிப்படைக் கட்டம் முடிந்ததும் போர் விமானம், போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர் என்று பிரிக்கிறார்கள். கர்நாடகத்தின் பீதரில் ஹாக் என்ற ஜெட் பயிற்சி விமானத்தை ஓட்டுவதாகக் கனவு கண்டவருக்கு ஐதராபாத்தின் ஹக்கிம்பேட்டையில் ஹெலிகாப்டர் கிடைத்தால், தண்டனை கிடைத்ததுபோல் போவார். அங்கே ஒரே இடத்தில் அசையாமல் மிதக்க இரு கையும் இரு காலும் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும். அரைமனதோடு கற்கிற வித்தையா அது?

என் ஓட்டு இரண்டாவதுக்கே. சோலோ நாளுக்கு மட்டும் முதலாவதில் ஒரு சிட்டிகை சேர்த்துக்கொள்ளலாம். பயிற்சி விமானியை மட்டும் பார்த்து இதை முடித்துவிடவும் கூடாது. விமானப் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி நம் தாம்பரத்தில் இருக்கிறது. அங்கே தேறி வருபவர் "உனக்கு இது வராது" என்கிறாரா, "ரடர் இரண்டு நொடி தாமதம், நாளை அதை மட்டும் பார்ப்போம்" என்கிறாரா என்பதைப் பொறுத்து, ஒரே பையன் முதல் வகையாகவும் ஆவான், இரண்டாவதாகவும் ஆவான்.