ஏழு சீசன் ரூபியோடு: சித்தூர் மாங்காய் மண்டியிலிருந்து

சித்தூரிலிருந்து பரதராமி போகும் வழியில் ஒரு மாங்காய் மண்டி. அங்கே 2018 முதல் ஓடும் கணக்கு மென்பொருள் நான் ரூபி என்ற நிரல் மொழியில் எழுதியது. ஜூன், ஜூலையில் தோதாபுரி வரத்து உச்சத்துக்குப் போகும். ராத்திரியானால் அன்றைய எடைச்சீட்டுகளை எல்லாம் எடுத்து, கமிஷன், வண்டி வாடகை, முன்பணம் கழித்து, விவசாயிக்குத் தமிழிலோ தெலுங்கிலோ பட்டியல் போட வேண்டும்.

ரூபி எனக்குப் பிடித்துப்போனது 2019-இல். சீசன் நடுவில் ரசீது பிரிண்டருக்கான லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) ஒன்று தெலுங்கு எழுத்துகளைக் குழப்பி அச்சடித்தது. அதன் கிளாஸை, அதாவது ஒரு வகைப் பொருள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் அச்சை, என் நிரலிலேயே திறந்து, அது செய்யும் வேலைகளில் ஒன்றான ஒரே ஒரு மெத்தடை மாற்றி எழுதினேன். காலையில் சீட்டு சரியாக வந்தது. வேறு பல நிரல் மொழிகளில் இதை ஒரு ராத்திரியில் முடித்திருக்க முடியாது.

ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கு நாம் விலை கொடுத்துக்கொண்டே இருக்கிறோம், அதைப் பயன்படுத்தாத நாளிலும். ரூபியில் இரண்டு எண்களைக் கூட்டுவதுகூட ஒரு மெத்தட்தான், யார் வேண்டுமானாலும் அதை மாற்றலாம். அதனால் எந்த ஆப்ஜெக்ட் (கிளாஸ் என்ற அச்சில் வார்த்த ஒரு பொருள்), எந்த கிளாஸ், எந்த மெத்தட் என்று ஓடும்போதுதான் தேட வேண்டியிருக்கிறது.

இந்தத் தேடலைக் குறைக்கும் வழி பழையது. 1984-இல் டாய்ச்சும் ஷிஃப்மனும் ஸ்மால்டாக் மொழிக்காகச் செய்த இன்லைன் கேஷ். ஒருமுறை தேடிக் கண்டுபிடித்த மெத்தடை, அழைக்கும் இடத்திலேயே குறித்துவைத்துக்கொள்வதுதான் அது. எங்கள் எடைமேடையிலும் அதே வேலைதான் நடக்கிறது. தினமும் வரும் டிராக்டரின் காலி எடை நோட்டில் இருக்கும். நம்பர் பிளேட்டைப் பார்த்து, அதே வண்டிதான் என்றால் நோட்டில் இருப்பதைக் கழித்துவிடுவார்கள், மறுபடி ஏற்றி நிறுத்த வேண்டாம். இன்லைன் கேஷுக்கு கிளாஸ்தான் நம்பர் பிளேட். ஒரே இடத்துக்கு நாலைந்து விதமான கிளாஸ் மாறிமாறி வந்தாலும் சமாளிக்கும் முறையை 1991-இல் ஹோல்ஸ்லே, சேம்பர்ஸ், உங்கர் மூவரும் செல்ஃப் மொழிக்காகச் செய்தார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2022 டிசம்பரில் வந்த ரூபி 3.2-இல், நிரல் ஓடும்போதே அதை கணினி நேரடியாக ஓட்டும் மெஷின் கோடாக மாற்றும் ஒய்ஜிட் (YJIT) கம்பைலர் பரிசோதனை நிலையைத் தாண்டியது. அடுத்த சீசனுக்கு ஆசையோடு மாற்றினேன். கொஞ்சம்தான் வேகம் கூடியது. "இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கு அண்ணா, லாரிக்காரர் நிக்கிறாரு" என்று கணக்கு எழுதும் தம்பி ராத்திரி பதினொரு மணிக்கு போன் செய்தான்.

இரண்டு நாள் தேடியபின் பிடிபட்டது. வாடகை கழிக்க வேண்டிய சீட்டுகளுக்கு மட்டும் ஒரு மாட்யூலை (மெத்தட்களின் தொகுப்பு) எக்ஸ்டெண்ட் செய்து, அதாவது ஒவ்வொரு சீட்டிலும் தனியாக ஒட்டவைத்து, இருந்தேன். படிக்க அழகாக இருக்கும் நிரல். ஆனால் எக்ஸ்டெண்ட் செய்ததும் அந்த ஒரு ஆப்ஜெக்டுக்கென்றே தனி கிளாஸ் உருவாகிவிடும். ஆயிரம் சீட்டு என்றால் ஆயிரம் கிளாஸ், ஒரே டிராக்டர் தினமும் புது நம்பர் பிளேட்டோடு வந்து நிற்பது போல. வாடகைச் சீட்டு என்று ஒரே ஒரு கிளாஸ் எழுதி, அந்த எக்ஸ்டெண்டை எடுத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கெல்லாம் பட்டியல் போட்டு முடித்துவிட்டார்கள்.

அப்புறம் ரூபி 3.3. அதில் வேகம் சம்பந்தமான எச்சரிக்கைகளை நாமே இயக்கிப் பார்க்கலாம். இயக்கிய உடனே, எடைச்சீட்டு கிளாஸ் 8 விதமான ஷேப்பைத் தொட்டுவிட்டது என்று சொன்னது. ஷேப் என்பது ஒரு ஆப்ஜெக்டில் எந்தெந்த மாறிகள் (மதிப்பு வைக்கும் பெயர்கள்) எந்த வரிசையில் இருக்கின்றன என்ற அமைப்பு. முன்பணம் இருந்தால் ஒரு மாறி, கழிவு இருந்தால் இன்னொன்று என்று வரும்போது வரும்போது சேர்த்ததன் விளைவு. மாறிகள் சேரும் வரிசை மாறினாலும் ஷேப் வேறு. இப்போது எல்லா மாறிகளையும் தொடக்கத்திலேயே, இல்லாதவற்றுக்கு நில் (nil, எதுவும் இல்லை என்ற மதிப்பு) கொடுத்து, ஒரே வரிசையில் வைக்கிறேன்.

டைலன் மொழியில் கிளாஸை சீல் செய்துவிடலாம். அந்த லைப்ரரிக்கு வெளியே யாரும் அதிலிருந்து நேரடியாகப் புதுத் துணை கிளாஸ் உருவாக்க மாட்டார்கள் என்று கம்பைலருக்கு அது உறுதி கொடுக்கும். ரூபியிலும் எடைச்சீட்டு மாதிரி என் சொந்த கிளாஸ்களுக்கு அப்படி ஒன்று இருந்தால் இன்றே பயன்படுத்துவேன். பிரிண்டர் லைப்ரரி மட்டும் திறந்தே இருக்கட்டும்.

குறை என்றால், ஒய்ஜிட் உருவாக்கும் மெஷின் கோட் மெமரியோடு போய்விடும். கரண்ட் போய் வந்தால் அதை மறுபடி உருவாக்கி முதலிலிருந்து சூடேற வேண்டும், மெமரியும் கூடுதலாகப் பிடிக்கும். சீட்டு அச்சடிக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கி நொடியில் முடிவது, அதற்கு ஒய்ஜிட் எந்த உதவியும் செய்யவில்லை. அதில் அணைத்துவிட்டேன். ராத்திரிக் கணக்கில் மட்டும் ஓடுகிறது.