கோணம் தெரிஞ்ச ஃபிலிம் கடை, போன்தான் எடுக்க மாட்டாங்க – 4 ஸ்டார்

திருப்பூர்ல பிரிண்டிங் பட்டறை வெச்சிருக்கறவங்களுக்காக எழுதறேன், மத்தவங்களுக்கு இது போரடிக்கும். நம்முளுது சின்ன யூனிட், 2 டேபிள், டீசர்ட்டுல ஸ்கிரீன் பிரிண்டிங், கையிலதான் அடிக்கறோம். அதாவது டிசைன கருப்பா ஃபிலிம்ல எடுத்து, ஃப்ரேம்ல இழுத்துக் கட்டுன வலைத் துணில (அதுதான் மெஷ்) பதிச்சு, அது வழியா இங்க்க இழுக்கறது. ஒரு கலர், ரெண்டு கலர் லோகோ வேலைக்கு எந்தக் கடையில ஃபிலிம் எடுத்தாலும் ஒன்னுதாங்க. போட்டோ மாதிரி டிசைன், ஆஃப்டோன் புள்ளி (ஷேட சின்னதும் பெருசுமா புள்ளியா மாத்தறது) வெச்சு 4 கலர்ல அடிக்கணும்னு வந்துட்டாதான் கடைக்கு கடை வித்தியாசம் தெரியும். அதுக்குத்தான் இந்த ரிவியூ.

முன்னாடி வேற ஒரு கடையில எடுத்துட்டு இருந்தேன். போன வருஷம் கொழந்தைங்க டீசர்ட்டுக்கு ஒரு கிளி படம் வந்துச்சு, வெள்ளத் துணி, சிஎம்ஒய்கே வேலை, அதாவது சியான், மஜெந்தா, மஞ்சள், கருப்பு நாலும் கலந்து அடிக்கறது. ஃபைல அனுப்புனேன், ஒரு வார்த்த கேக்காம அரைமணி நேரத்துல ஃபிலிம் ரெடி, நானும் என்னா ஸ்பீடுன்னு சந்தோசமா எடுத்துட்டு வந்து எக்ஸ்போஸ் பண்ணி (வெளிச்சத்துல ஸ்கிரீன்ல பதிச்சு) சேம்பிள் அடிச்சா கிளி நெஞ்சுல லுங்கி கட்டம் மாதிரி ஒரு கட்டம். கலர் எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா பத்தடி தள்ளி நின்னு பாத்தாலும் கட்டம் தெரியுது. போன் பண்ணிக் கேட்டா உங்க மெஷ் சரியில்ல, உங்க ஆளுக்கு அடிக்கத் தெரியலன்னு பதில். ஆர்டர் பாக்கற மெர்ச்சண்டைசர் அந்த சேம்பிளத் தூக்கிப் பாத்துட்டு ஒன்னுமே சொல்லாம டேபிள் மேல வெச்சாரு பாருங்க, திட்டியிருந்தாக்கூட பரவால்ல.

அப்பறம் ஒருத்தர் சொல்லித்தான் இந்தக் கடைக்கு வந்தேன். கவுண்டர்ல இருந்த தம்பி ஃபைலத் தொறக்கவே இல்ல, மொதக் கேள்வியே "ஏனுங்ணா, மெஷ் எத்தன?" 90 டின்னேன், அதாவது சென்டிமீட்டருக்கு 90 நூல். "இங்க் என்னதுங்க, பிளாஸ்டிசாலா பிக்மென்ட்டா? துணி வெள்ளையா கருப்பா?" எல்லாம் கேட்டுட்டு என் பழைய ஃபிலிம வாங்கி லென்ஸ் வெச்சுப் பாத்தான், பாத்துட்டு "இது பேப்பருக்கு எடுத்த ஃபிலிமுங்ணா"ன்னான்.

விஷயம் என்னன்னா பேப்பர்ல அடிக்கற ஆஃப்செட்ல புள்ளி வரிசை சாயற கோணத்த சியான் 15, மஜெந்தா 75, மஞ்சள் 0, கருப்பு 45 டிகிரின்னு வெப்பாங்க. அழுத்தமான மூனு கலரும் ஒன்னுக்கொன்னு 30 டிகிரி தள்ளி நின்னா புள்ளிங்க சேந்து பொடிப்பொடியா பூ மாதிரி உக்காரும், கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள் வெளுப்பான கலர்ங்கறதால நடுவுல 15 டிகிரி இடைவெளிலயே சொருகிடலாம். பேப்பர்ல அது சரி. நம்ம வேலையில நடுவுல மெஷ்னு ஒன்னு இருக்கே, அதுல நூலு 0லயும் 90லயும் ஓடுது. மஞ்சள் 0ல இருந்தா புள்ளி வரிசை நூலு மேலயே படுத்துக்கும், கருப்பு 45ல இருந்தா நூல் கட்டத்த மூலைக்கு மூலை வெட்டும், ரெண்டுமே மெஷ்ஷோட சண்ட போட்டு கட்டம் காட்டும். அதனால இவங்க எல்லாத்தையும் 7.5 டிகிரி தள்ளிடறாங்க: சியான் 22.5, கருப்பு 52.5, மஜெந்தா 82.5, மஞ்சள் 7.5. கலருக்குள்ள இருக்கற இடைவெளி அப்படியே இருக்கும், மெஷ்கிட்ட மட்டும் ஒதுங்கிப் போயிரும்.

நியாயமா சொல்லணும்னா தப்பு என் மேலயும் இருந்துச்சு. பழைய ஃபிலிம் 65 எல்பிஐ, அதாவது இஞ்சுக்கு 65 வரி புள்ளி. 90 டி மெஷ்னா இஞ்சுக்கு கிட்டத்தட்ட 230 நூல், அத 65ல வகுத்தா மூன்றரை, ஒரு வரி புள்ளிக்கு மூன்றரை நூல்தான் கெடைக்குது. கொறஞ்சது அஞ்சு நூல் வேணுமாம். அந்தக் கடையில அவங்க மெஷ் கேக்கல, நானும் சொல்லல. இந்தத் தம்பி 45 எல்பிஐல போட்டுக் குடுத்தான், புள்ளி கொஞ்சம் பெருசாத் தெரியும், ஆனா டீசர்ட்ட யாரு லென்ஸ் வெச்சுப் பாக்கப் போறா. அவங்க மிஷின் 720 டிபிஐயாம், அதாவது இஞ்சுக்கு 720 பொட்டு, 45க்கு சரியா 16 மடங்கு, ஒரு புள்ளிக்கு 16க்கு 16 கட்டம், அதனால 256 ஷேடும் விடுபடாம வரும்னு கணக்கு வேற சொன்னான்.

எனக்கு ரொம்பப் புடிச்சது இன்னொன்னு. அடுத்த தடவ ஃப்ரேமையும் எடுத்துட்டு வாங்கன்னாங்க, கொண்டு போனேன். லைட் டேபிள் மேல காலி ஃப்ரேம வெச்சு அது மேல ஃபிலிமப் போட்டு மெதுவாத் திருப்பறான். ஒரு எடத்துல பட்டப்பட்டையா அலை ஓடுது, கொஞ்சம் திருப்புனா அலை சின்னதாகி சின்னதாகி மறைஞ்சே போயிருது. எமல்ஷன் (வெளிச்சம் பட்டா இறுகற பூச்சு) பூசறதுக்கு முன்னாடியே விசயம் தெரிஞ்சுபோச்சு! என்னோட ஒரு ஃப்ரேம்ல மெஷ்ஷையே சாய்வா இழுத்து ஒட்டியிருக்காங்க, 2 டிகிரியாவது இருக்கும், நான் இத்தன நாளும் அதுலதான் அடிச்சிருக்கேன். அப்படிப்பட்ட ஃப்ரேம்ல ஃபிலிம எவ்ளோ கரெக்டா எடுத்து என்ன.

கருப்புத் துணிக்கு 6 கலர் வேலை ஒன்னு குடுத்தப்ப எல்லா ஃபிலிமையும் ஒரே 22.5ல எடுத்துட்டாங்க. நான் சண்டைக்கே போயிட்டேன். அவங்க சொன்னது, இது ஒன்னு மேல ஒன்னு மறைக்கற இங்க், சிஎம்ஒய்கே மாதிரி ஊடுருவித் தெரியாது, ஒரே கோணம் போதும், ஆனா ஃபிலிம் ஒட்டறப்ப கோணலாப் போயிராதீங்க. பேச்சக் கேட்டேன், ஒரு ஸ்கிரீன்ல மட்டும் நம்ம பையன் ஒரு டிகிரி போல சாய்ச்சு ஒட்டிட்டான், அவ்ளோதான், 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு பட்டை பட்டையா வந்துருச்சு. ஸ்கிரீன அழிச்சுட்டு நேரா ஒட்டுனதும் சுத்தமா போயிருச்சு. சாய்வு கம்மியாக கம்மியாக பட்டை பெருசாகும்ங்கறத அன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன்.

சரி, ஒரு ஸ்டார் எதுக்குக் கொறச்சேன்னா, போன் எடுக்கவே மாட்டாங்க. வாட்சப்ல ப்ளூ டிக் வரும், பதில் வராது. சனிக்கெழம போனீங்கன்னா சம்பளப் பட்டுவாடாக்கு முன்னாடி எல்லாருக்கும் சேம்பிள் அவசரம், ரெண்டு மணி நேரம் நிக்கணும், ஒக்கார ஒரு ஸ்டூல்கூட இல்ல. ரேட்டும் ஃபிலிமுக்குக் கொஞ்சம் கூடத்தான், ஒரு தடவ வீணாப் போற இங்க்கையும் துணியையும் நெனச்சா எனக்கு அது பெருசாத் தெரியல.

இன்னொரு கொறை, ஃபிலிம் ஓரத்துல கலர் பேர் போட மறந்துடறாங்க. 4 ஃபிலிமும் கருப்பாத்தான் இருக்கும், எது மஜெந்தா எது மஞ்சள்னு எப்படித் தெரியும்? ராத்திரி 9 மணி, கடை பூட்டிட்டாங்க, காலைல சேம்பிள் குடுத்தாகணும். அப்பறம் லென்ஸும் கொழந்தையோட ஜாமெட்ரி பாக்ஸுல இருந்த பாகைமானியும் எடுத்து ஒவ்வொரு ஃபிலிமா புள்ளி வரிசை சாயற கோணத்த அளந்து, 7.5 மஞ்சள், 22.5 சியான்னு நானே ஸ்கெட்ச்ல எழுதிக்கிட்டேன். சரியாத்தான் இருந்துச்சு.

போறவங்க காலைல 11 மணிக்குள்ள போயிருங்க, ஃப்ரேமையும் கையோட எடுத்துட்டுப் போங்க, வாங்கறப்பவே பேர் எழுதச் சொல்லிருங்க.