கவிழ்ந்தால் எழும் நத்தை எது?

வீட்டில் பவளமும் மீனும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு நத்தை வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எது நிறையப் பாசி தின்னும்?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். கடைக்காரர் பத்து அஸ்ட்ரியா நத்தைகளையும் இரண்டு டர்போ நத்தைகளையும் பையில் போட்டுக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் என் 150 லிட்டர் தொட்டியில் மிஞ்சியவை ஓடுகள் மட்டும். அவற்றிலும் பாதியில் துறவி நண்டுகள் குடியேறியிருந்தன.

இப்போது என் முதல் கேள்வி வேறு: மல்லாந்து விழுந்தால் தானாக எழுமா?

அஸ்ட்ரியா எழாது. கரீபியக் கடலிலிருந்து வரும் இந்த நத்தைக்குக் கூம்பு வடிவ ஓடு, கனமான அடிப்பாகம். பாறையில் ஊர்ந்தே பழகியது. தொட்டியிலோ கண்ணாடியின் உச்சிவரை ஏறிவிட்டு, பிடி நழுவி மணலில் விழுகிறது. ஓர் இரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒன்று அப்படிக் கிடந்தது. பாதத்தை முழுக்க வெளியே நீட்டி, இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டிருந்தது. பிடிக்க மணலைத் தவிர எதுவும் எட்டவில்லை. ஓடோ ஓர் இம்மியும் புரளவில்லை. கையை விட்டு நிமிர்த்தி வைத்தேன். மறுநாள் இரவு அதே நத்தை, அதே கிடப்பு. நான் ஊருக்குப் போயிருந்த நான்கு நாட்களில் மூன்று அஸ்ட்ரியா போய்விட்டன. பசியால் சாவதற்கு முன்பே நண்டுகளும் புழுக்களும் வேலையை முடித்துவிடுகின்றன.

ட்ரோக்கஸ் பார்வைக்கு அஸ்ட்ரியாவின் ஒன்றுவிட்ட சகோதரன் போலத்தான் இருக்கும். இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் வெதுவெதுப்பான நீரைச் சேர்ந்தது. பம்பரத்தைத் தலைகீழாக நிறுத்தியது போன்ற ஓடு, அதில் செந்நிறப் பட்டைகள். கடைகளில் இரண்டையும் ஒரே பெயரில் விற்பதும் நடக்கிறது. அஸ்ட்ரியாவின் ஓடு சொரசொரப்பாக, மங்கலாக, விளிம்பில் மேடுபள்ளமாக இருக்கும். ட்ரோக்கஸ் ஓடு ஒப்பிடுகையில் வழவழப்பு. சந்தேகம் வந்தால் கடைக்காரரிடம் சொல்லி ஒன்றை மணலில் மல்லாக்கப் போடச் சொல்லுங்கள். ட்ரோக்கஸ் சிறிது நேரம் ஓட்டுக்குள் பதுங்கியிருக்கும். பிறகு பாதத்தை நீட்டி, ஓட்டை ஒரு பக்கமாக வீசிப் புரட்டிக்கொண்டு நடையைக் கட்டும். பாறையிலும் கண்ணாடியிலும் படியும் மெல்லிய பாசிப் படலத்தைச் சுரண்டுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் நான் காணவில்லை. விலை கூடுதல்தான். ஆனால் பத்து அஸ்ட்ரியாவுக்குக் கொடுத்த பணத்தில் நான்கு ட்ரோக்கஸ் வாங்கி, அவை ஆண்டுக்கணக்கில் இருந்தால் எது மலிவு?

இன்னொரு சங்கதியும் உண்டு. ட்ரோக்கஸ் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கும். ஒரு மாலை, கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒன்று நின்றுகொண்டு புகை விடுவதுபோல் வெண்மையாக எதையோ நீரில் கலந்தது. ஏதோ நோய் என்று பதறினேன். சில வாரங்கள் கழித்து சம்பின் (தொட்டி நீர் வடிந்து சுத்தமாகித் திரும்பும் துணைத் தொட்டியின்) சுவரில் கடுகளவில் குட்டிப் பம்பரங்கள் ஒட்டியிருந்தன.

டர்போவின் கதை வேறு. முடிபோல் நீண்டு வளரும் பச்சைப் பாசியை அதுபோல் மொட்டையடிக்கும் நத்தை இல்லை. அதில் ட்ரோக்கஸ் அதன் அருகில்கூட வராது. ஆனால் எலுமிச்சை அளவு உடம்போடு அது பாறையில் போகும் அழகைப் பார்க்க வேண்டும்! பசை வைத்து ஒட்டாத பவளத் துண்டு எதுவாக இருந்தாலும் உருட்டித் தள்ளிவிட்டுப் போகும். கடைகளில் அதிகம் கிடைக்கும் மெக்சிகன் டர்போ கலிபோர்னியா வளைகுடாவிலிருந்து வருவது. அங்கே குளிர்காலத்தில் நீர் நன்றாகக் குளிர்ந்துவிடும். ஆண்டு முழுவதும் 27, 28 டிகிரியில் நிற்கும் தொட்டியில் அது நீண்ட நாள் தாங்குவதில்லை என்பதே வளர்ப்பவர்கள் பலரின் அனுபவம். நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி இல்லாத வீட்டில், ஏப்ரல், மே மாதங்களைக் கேட்கவே வேண்டாம். பாசி தீர்ந்துபோனால் பட்டினி வேறு. சூஷி சுற்றும் நோரி என்ற உலர்ந்த கடற்பாசித் தாளைக் கல்லில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்தால் சில தின்கின்றன, சில திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

செத்தாலும் தொல்லைதான். ஒரு காலை ஸ்கிம்மர் (நீரின் கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) பொங்கி வழிந்திருந்தது, பவளங்கள் எல்லாம் சுருங்கிக் கிடந்தன, அம்மோனியா சோதனையில் நிறம் மாறியது. பாறைக்குப் பின்னால் கையை விட்டு எடுத்த டர்போவை மோந்து பார்த்தேன். அன்று மதியம் சோறு இறங்கவில்லை. சிறிய தொட்டியில் அத்தனை சதை அழுகினால் நீர் தாங்காது. நத்தை அசையாமல் கிடந்தால் ஓட்டின் வாயை அடைக்கும் அதன் மூடியைத் தொட்டுப் பாருங்கள்: உள்ளே இழுத்துக்கொண்டால் உயிர் இருக்கிறது, தளர்ந்து தொங்கினால் உடனே எடுத்துவிடுங்கள்.

மணல் வேலைக்கு வருவோம். இங்கே நசாரியஸும் செரித்தும் போட்டி என்று சொல்வார்கள். இரண்டின் உணவும் வேறு என்பதால் எனக்கு அது போட்டியாகப் படவில்லை. நசாரியஸ் பாசியைத் தொடாது. பகல் முழுக்க மணலில் புதைந்து, தும்பிக்கை போன்ற குழலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓர் இறால் துணுக்கைப் போட்டுப் பாருங்கள். சில விநாடிகளில் மணல் நான்கைந்து இடங்களில் வெடித்து, எல்லாத் தும்பிக்கைகளும் ஒரே திசையில் ஓடிவரும். மீனுக்குக் கவனமாக அளந்து தீனி போடுகிறவர் வீட்டில் இது பட்டினி கிடக்கும். செரித் இரவில் வெளியே வந்து மணலின் மேல்படலத்தையும் அழுக்கையும் தின்னும், கண்ணாடியிலும் ஏறும். ஒல்லியான, நீண்ட ஓடு. விழுந்தால் எளிதில் புரண்டுகொள்ளும். ஒன்றைத்தான் வாங்கலாம் என்றால் என் வாக்கு செரித்துக்கு. ஆர்ப்பாட்டமில்லாத உழைப்பாளி.

நெரைட் எனக்குச் சரிப்படவில்லை. ஓதம் ஏறி இறங்கும் கரையோரத்தில் வாழ்பவை அதிகம் என்பதால் நீர்மட்டத்துக்கு மேலே ஏறிவிடுகிறது. மூடியில்லாத தொட்டி என்றால் காலையில் தரையில் தேட வேண்டியதுதான்.

கடற்கரையில் பொறுக்கி வந்து போடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். மன்னார் வளைகுடாவில் கூம்பு நத்தைகள் உண்டு. அவற்றில் சிலவற்றின் நஞ்சு மனிதனையே கொல்லக்கூடியது. அந்தமானில் கிடைக்கும் பெரிய ட்ரோக்கஸ் இந்தியாவில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இனம்.

எந்த நத்தையை எடுத்தாலும் முதல் இரண்டு மணி நேரம்தான் பெரிய கண்டம். மீனைப்போல் உடலின் உப்பைத் தானே சரிசெய்துகொள்ள நத்தையால் முடியாது. வெளிநீர் எப்படியோ உள்நீரும் அப்படி. உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி கடை நீரில் 1.021, உங்கள் தொட்டி 1.025 என்றால், பையைத் திறந்து அப்படியே கொட்டுவது கொலைதான். மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரை விட்டு ஒன்றிரண்டு மணி நேரம் பழக்குங்கள். பிறகு பாறையில் பாதம் படும்படி வையுங்கள், மேலிருந்து போடாதீர்கள். மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு கலந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றினால் மீன் பிழைக்கலாம், நத்தை ஒன்றுகூட மிஞ்சாது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் அந்த வைத்தியம். கால்சியம் 400 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 400 பங்குக்கு) கீழே தொடர்ந்து கிடந்தால் பவளம் மட்டுமல்ல, நத்தை ஓட்டின் வளர்ச்சியும் தடுமாறும்.

எண்ணிக்கையில் 'கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டருக்கு) ஒரு நத்தை' என்ற பழைய கணக்கை நம்பி நான் கெட்டது போதும். 150 லிட்டர் என்றால் அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட நாற்பது. அத்தனைக்கும் போடும் அளவுக்கு எந்த நல்ல தொட்டியிலும் பாசி இருக்காது. இப்போது என்னிடம் நான்கு ட்ரோக்கஸ், ஆறு செரித், மூன்று நசாரியஸ். துறவி நண்டு ஒன்றுகூட இல்லை. சென்ற ஆண்டு ஒரு பாறையில் முடிப்பாசி பிடித்தபோது, சில்லர் வைத்திருக்கும் நண்பரிடமிருந்து ஒரு டர்போவை இரவல் வாங்கி வந்தேன். மூன்று வாரத்தில் பாறை மொட்டையானது, இரண்டு பவளத் துண்டுகள் கீழே விழுந்தன, டர்போவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.